நிராகரித்த நகர்த்தலின் சரித்திரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நடக்கும் சிறுவர் சதுரங்கப் போட்டிகளைப் பார்க்கப் போகிறவர்கள், ஆட்டம் முடிந்து வெளியே ஓடிவரும் குழந்தை தன் நகர்த்தல்களைத் தகப்பனாரின் கைப்பேசியில் ஏற்றுவதையும், அடுத்த கணமே திரையின் ஓரத்தில் ‘பிளஸ் 2.7’ என்றோர் எண் தோன்றுவதையும், அந்த எண்ணே தீர்ப்பாகி ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அத்துடன் ஓய்ந்துவிடுவதையும் கண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர், “சரிடா கண்ணா, யானையாலே வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்கிறார். பையன் திரையைப் பார்க்கிறான். அங்கே அதற்கு விடை இல்லை. வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் தராத கணக்கு ஆசிரியர்களிடம் படித்து வளர்ந்த நாம், அந்த எண்ணைக் கணித்துத் தரும் சதுரங்க மென்பொருளான எஞ்சினிடம் மட்டும் அந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டோம்.

இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் ஸ்டாக்ஃபிஷ் போன்றதோர் எஞ்சின் ஒரு நிலையை ஆராயும் விதம், அதன் தீர்ப்பைக் காட்டிலும் பன்மடங்கு சுவையானது. முதலில் ஒரு நகர்த்தலை எடுத்துப் பரிசீலித்து அதற்கொரு மதிப்பை நிர்ணயித்துக்கொள்கிறது. பிறகு மற்றொன்றை எடுக்கும்போது, எதிராளியிடம் அதற்குத் தக்க பதில் ஒன்றே ஒன்று இருப்பது புலப்பட்டாலும் போதும், ‘இது முன்னதைவிட மேலானதன்று’ என்ற மட்டில் அதைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. கைவிட்ட நகர்த்தல் எவ்வளவு தாழ்ந்தது என்பது எஞ்சினுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. ஆல்பா-பீட்டா என்று பெயர் பெற்ற இந்த யுக்தியின் சிக்கனத்தில் ஓர் அபூர்வமான அழகு உண்டு. ஆனால் எந்த ஒரு பதிலால் அந்த நகர்த்தல் வீழ்ந்ததோ, அந்தப் பதிலைத்தான் மாணவன் காண வேண்டும். அதுவோ ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கில் தோன்றி, எவர் கண்ணிலும் படாமல் மறைந்துவிடுகிறது.

உதாரணமாக, 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், நம் சென்னைப் பிள்ளை குகேஷ் ஒரே ஒரு சிப்பாய் மிகுதியாக வைத்துக்கொண்டு, விடாமல் ஆடிக்கொண்டிருந்த நேரம், எஞ்சின்கள் ஏறத்தாழச் சமன் என்றே காட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கணிப்பில் குற்றம் ஏதுமில்லை. வெள்ளைக் காய்களோடு ஆடிய எதிராளி டிங் லிரென் தம்முடைய 55ஆவது நகர்த்தலில் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் யானையை வெட்டிவிட்டு, மூலைக் கட்டத்தில் நின்ற வெள்ளை மந்திரிக்கு எதிரே தம் மந்திரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளை மந்திரிக்கு ஒதுங்க இடமில்லை. மந்திரிகளும் மாறினால் எஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களுமே, அதில் கறுப்புக்கே வெற்றி. 58ஆவது நகர்த்தலோடு ஆட்டமும் பட்டமும் முடிவாயின. கவனிக்க வேண்டியது என்னவென்றால், யானையை மாற்றும் அந்த வழியை எஞ்சினும் எடுத்துப் பார்த்து, மந்திரியின் அந்த ஒரே பதிலைக் கண்டு, முன்பே தள்ளியிருக்கும். அந்த நிலையின் சாரம் முழுவதும் தள்ளியதன் காரணத்தில் இருந்தது. திரையில் தெரிந்ததோ ஒரு பூஜ்யம்.

தள்ளியதன் காரணத்தைக் காட்ட இடமே ஒதுக்கப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. 2000ஆம் ஆண்டில் ஸ்டெஃபான் மேயர்-காலனும் ருடால்ஃப் ஹூபரும் வகுத்த யூ.சி.ஐ. என்னும் விதிமுறையில்தான் இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவை திரையோடு பேசுகின்றன. ஆழம், பார்த்த நிலைகளின் எண்ணிக்கை, பிரதான வழி ஆகியவற்றோடு, ஒரு நகர்த்தலுக்கான மறுப்பையும், அதாவது அதை வீழ்த்தும் பதிலையும், சொல்ல அதில் தனி இடம் உண்டு. பெரும்பாலான எஞ்சின்கள் அதைத் தொடுவதேயில்லை. என் அபிப்பிராயத்தில், பையன் தான் நினைத்திருந்த காயின்மேல் விரலை வைத்தவுடன் அதன் மறுப்பு விரிய வேண்டும். எண் பிறகு வரட்டும்.

(ஆழம் 30 என்றால் எல்லா வழிகளையும் முப்பது நகர்த்தல் தூரம் பார்த்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. அதில் வெள்ளையின் நகர்த்தலும் கறுப்பின் நகர்த்தலும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. நம்பிக்கையற்ற கிளைகள் வெகு முன்னரே வெட்டப்பட்டு, சுவையான சில கிளைகள் அதற்கும் அப்பால் தொடரப்படுகின்றன.)

அடுத்ததாகக் காட்ட வேண்டியது, எஞ்சின் மனம் மாறிய வரலாறு. 2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, தாம்பரத்தார் பலர் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக நேரில் போனார்கள். மற்றவர்கள் வீட்டுத் திரையில், ஆட்டத்தின் ஓரத்தில் எஞ்சினின் கணிப்புக்கேற்ப ஏறி இறங்கும் வெள்ளைக் கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆழம் 18 வரையில் குதிரைப் பலியை ஏற்காத எஞ்சின் 25ஐ எட்டுகையில் அதையே முதல் வழியாகக் கொள்ளும் தருணம் ஒன்று உண்டு. சதுரங்க ரசனையின் உச்சம் அதுவே என்பேன். ஆனால் புதிய வரி பழைய வரியை அழித்துக்கொண்டு வருவதால், மாற்றம் நேர்ந்த சுவடே எஞ்சுவதில்லை. எந்த ஆழத்தில், எந்த நகர்த்தலைக் கண்டு அபிப்பிராயம் புரண்டது என்பதை ஒரு பக்கத்தில் வரிசையாக விட்டுவைக்க என்ன பிரயாசை?

2018இல் தோன்றிய லீலா எஞ்சின் இவ்விஷயத்தில் தாராளமானது. முதற்பார்வையில் ஒவ்வொரு நகர்த்தலின் மீதும் அதற்கு எவ்வளவு விருப்பம் விழுந்தது, ஆராய்ந்த பின் எத்தனை முறை அதனிடம் திரும்பி வந்தது என்ற இரண்டையும் கேட்டால் சொல்லும். முதற்பார்வை புறக்கணித்ததை ஆராய்ச்சி உயர்த்தியிருந்தால், அங்கேதான் உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்று மாணவனுக்குத் தானே தெரிந்துவிடும்.

குகேஷின் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டருக்குரிய 2500 புள்ளிகளைச் சிறுவன் நெருங்கும் வரையில் எஞ்சினையே அண்டவிடவில்லை. விடை மாத்திரம் பேசும் எஞ்சினுக்கு அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் தகும். மறுப்பையும் மனமாற்றத்தையும் திறந்து காட்டுகிற எஞ்சின் ஒன்று வருமானால், அதைப் பத்து வயதுப் பிள்ளையின் பலகைக்கு அருகே வைக்க நான் தயங்கமாட்டேன்.