ஊர் வரலாற்றுச் சொற்பொழிவுகளும் நூதனசாலையும்: சில விமர்சனக் குறிப்புகள்

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு என்று நாம் இன்று பேசுவதில் பெரும்பகுதி ஒரு சொற்பொழிவுக்குச் சொல்லப்பட்ட பதில்தான். 1888இல் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனவியல் பற்றிய தன் கட்டுரையை வாசித்தார். மொழி, வரலாறு, வழக்கங்கள், உடலமைப்பு என்று பிரித்தெடுத்து, சோனகர் இனத்தால் தமிழர், மார்க்கத்தால் மட்டுமே வேறானவர் என்று முடித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா இல்லையா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. மறுவருடமே, 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் நியமனம் பெற்றார். ஆசனம் கிடைத்தும் அந்த உரை விட்ட காயம் ஆறவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் வரிக்கு வரி மறுப்பு எழுதினார். 1957இல் அது மறுபதிப்பாகவும் வந்தது.

இதை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கரையோர ஊர்களில், கல்முனைக்குடி முதல் அக்கரைப்பற்று வரை, கடந்த இருபது வருடங்களில் நான் கேட்ட ஊர் வரலாற்று உரைகளில் பெரும்பாலானவை இன்னும் இராமநாதனுக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உரையாற்றுபவர் அவருடைய பெயரைச் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் "நாங்க எங்கிருந்து வந்தம்?" என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் முழுப் பேச்சும் போகும். எப்படி வாழ்ந்தோம் என்ற கேள்விக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

நேரம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை, விசேட அதிதிகள் மூவர், பொன்னாடை, நினைவுச் சின்னம் எல்லாம் முடிந்து வரலாறு மேடைக்கு வரும்போது இரவு ஒன்பது மணி. சபையில் பாதிப்பேர் எழும்பிப் போயிருப்பார்கள். கேள்விக்கு இடமில்லை. இஷாவைச் சாட்டிக் கூட்டம் கலைந்துவிடும். கேள்வி கேட்க முடியாத பேச்சில் பிழை திருந்த வழியில்லை என்பது ஆசிரியர் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும்.

வந்த கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது என்ன? 1827இல் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதிய குறிப்பு. கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஹாஷிம் குடும்பத்தார் எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இலங்கையில் எட்டு இடங்களில் குடியேறினர் என்பது அதன் சாரம். அப்துல் அஸீஸும் அதில் ஊன்றி நின்றார். நமது உரையாளர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அந்த எட்டு இடங்களின் பெயர்களை மேடையில் யாரும் முழுதாக வாசித்து நான் கேட்டதில்லை. திருகோணமலை, யாழ்ப்பாணம், மாந்தை-மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி. கிழக்கில் திருகோணமலை ஒன்றுதான். மட்டக்களப்பு இல்லை, சம்மாந்துறை இல்லை, கல்முனை இல்லை, அக்கரைப்பற்று இல்லை. நம்முடைய கரையை ஒரு வார்த்தையும் சொல்லாத ஒரு பத்தியை நம்முடைய பூர்வீகச் சான்றாகத் தூக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பத்தி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு ஊர்களைப் பற்றிய ஒரு கூற்று எப்படி ஒன்பதாவது ஊரின் வரலாறாயிற்று என்பதை உரையாளர் விளக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது தூண் 1626. போர்த்துக்கேயர் தங்கள் பிரதேசத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது. இது கைதட்டல் வாங்கும் வசனம். எண் உருண்டையாக இருப்பதும் ஒரு காரணம். இதன் மூலம் குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவில் இருந்துகொண்டு எழுதியவர். முஸ்லிம்களைத் தன் சமயத்தின் எதிரியாகப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் தரும் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது, நாலாயிரம் என்றால் குடும்பங்களா ஆட்களா, அவர்கள் வந்தபோது இங்கே ஏற்கெனவே முஸ்லிம்கள் இருந்தார்களா என்றெல்லாம் ஓர் உரை கேட்கத் தொடங்கினால் அதுதான் ஆய்வு. ஏ.எல். வகுப்புப் பிள்ளைகள்கூட இந்தக் கேள்விகளைக் கேட்பார்கள்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் போனால் கதை வேறு. திமிலருக்கும் முக்குவருக்கும் நடந்த சண்டையில் பட்டாணிகள் முக்குவர் பக்கம் நின்று வென்று, முக்குவப் பெண்களை மணந்து குடியிருந்தார்கள் என்ற கதையை அங்கே ரசித்துச் சொல்வார்கள். சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை, சந்திவெளி, ஏறாவூர் என்ற ஊர்ப்பெயர்களை அந்தச் சண்டையின் தடங்களாகவே விளக்குவார்கள். ஊர்ப்பெயர் விளக்கத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெயர் முதலில், கதை பிறகு என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆனாலும் இந்தக் கதையில் ஜோன்ஸ்டனிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. இதில் பெண்கள் வருகிறார்கள். வந்தவர்கள் யாரை மணந்தார்கள் என்ற கேள்விக்கு இந்தக் கதை கூச்சமில்லாமல் பதில் சொல்கிறது.

அந்தப் பதில்தான் நமது மேடைகளுக்குச் சங்கடம். கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். குடி உம்மா வழியில் வரும். வீடும் வளவும் மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெரிய நூலின் நடுவே நிற்பது இதுதான். நம் பள்ளிகளின் மரைக்காயர்மார் குடிவாரியாக வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். என்றாலும் ஊர் வரலாற்று உரைகளில் குடி ஒரு நிமிடம் வந்துபோகும், சீதனவீடு வரவே வராது. அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஆண்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஓர் உரை முடிந்தபின், திரைக்கு அப்பால் இருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த வயதான தாயொருவர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "சேர், யெமன்ல இருந்து வந்த ஆக்களப் பத்திச் சொன்னாரு, நல்லம். எங்கட வளவு என்ட உம்மாட உம்மாக்கு அவட உம்மா குடுத்தது. உறுதி இரிக்கி. அத ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?" அன்றிரவு அந்த மண்டபத்தில் சொல்லப்பட்டவற்றில் சான்றோடு வந்த ஒரே கூற்று அதுதான்.

நூதனசாலைக்கு வருவோம். நமக்கென்று சொல்லக்கூடியதாக இருப்பது 2015இல் திறக்கப்பட்ட காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை. முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை முழுவுருவ அமைப்புகளாகக் காட்டும் முயற்சி. உருவம் வைப்பது மார்க்கத்தில் கூடுமா என்ற விவாதம் உடனே எழுந்தது. அந்த விவாதம் எழுந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உலமாக்கள் பேச வேண்டிய விடயம் அது. என் ஆதங்கம் வேறு. உருவம் கூடுமா கூடாதா என்பதில் முழுச் சக்தியும் செலவாகிவிட்டதால், அந்த உருவங்கள் என்ன வரலாற்றைச் சொல்கின்றன, அது சரியா என்ற விவாதம் நடக்கவேயில்லை. உருவமே இல்லாமல் ஒரு நல்ல நூதனசாலை அமைக்கலாம். மருதமுனைக் கைத்தறி ஒன்று, நெல் அளந்த மரைக்கால், களிகம்பு, றபான், படிக்கம், வட்டா, ஒரு சீதன உறுதி, ஒரு கத்தம் ஓதிய ஏடு. இவற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று அரைமணி நேரம் பேசினால் போதும். பொருள் முன்னால் இருக்கும்போது பேச்சாளர் அளந்துதான் பேசுவார், கேட்பவருக்கும் கேள்வி பிறக்கும். காத்தான்குடிப் பிரதான வீதியில் நட்ட பேரீச்ச மரங்களைப் போல, வெளியே இருந்து கொண்டுவந்து நாட்டும் வரலாறு பார்வைக்கு நன்றாக இருக்கலாம். ஆனால் நம்மட தென்னைக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று அது சொல்லாது.

அதே காத்தான்குடியில் ஒரு சுவர் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 இரவுத் தொழுகையில் இருந்தவர்கள் சுடப்பட்ட பள்ளிவாசலில், சன்னம் துளைத்த அடையாளங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்பவருக்கு உரையாளர் தேவைப்படுவதில்லை. ஆனால் அந்தத் துயரத்தைப் பேசுகிற நம் மேடைகள் 2019 ஏப்ரலுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்கின்றன. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் தலைவன் எந்த ஊரிலிருந்து புறப்பட்டான், ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் என்ன நடந்தது என்பவையும் ஊர் வரலாறுதான். அந்த இரவில் தகவல் கொடுத்துப் பொலிசை வரவழைத்தவர்கள் நம் ஊர் முஸ்லிம்கள் என்பதும் ஊர் வரலாறுதான். முந்தியதைச் சொல்லப் பயந்து பிந்தியதையும் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

இது வெறும் இலக்கிய ருசி பற்றிய குறை அல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை. ஆரம்பத்தில் பெயரிடப்பட்ட 11 பேரில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அதை நாம் கண்டித்தோம், கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு துண்டு நிலம் எத்தனை தலைமுறையாக நம் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்டால், நாம் எடுத்துக்காட்டப் போவது எது? மேடையில் பேசிய ஹாஷிம் குடும்பக் கதை அங்கே செல்லாது. உறுதிகள், பள்ளிப் பதிவேடுகள், கபுறடிக் கற்கள், வரிச்சிட்டைகள் செல்லும். அவற்றில் எவ்வளவு 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயிற்றோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மிச்சம் இருப்பது அலுமாரிகளிலும் றங்குப்பெட்டிகளிலும் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. அவற்றைத் தேடிப்போன உரை அரிது.

அரிது என்றேனே தவிர இல்லை என்று சொல்லவில்லை. ஏ.ஆர்.எம். சலீம் 1990இல் எழுதிய அக்கரைப்பற்று வரலாறு, எஸ்.எச்.எம். ஜெமீல் வாழ்நாளெல்லாம் செய்த தொகுப்பு வேலை, அடையாளம் பற்றி எம்.ஏ. நுஃமான் எழுதியவை எல்லாம் இந்த மண்ணில் நின்று எழுதப்பட்டவைதான். நமது உரையாளர்கள் இவற்றைப் படித்துவிட்டுப் பேசினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

நான் கேட்டவற்றில் மனதில் நிற்கும் ஒரே பேச்சு பட்டதாரி ஒருவருடையதல்ல. ஓய்வுபெற்ற வட்டைவிதானை ஒருவர், ஒரு வாசிகசாலையின் பின்னறையில், இருபது பேருக்கு முன்னால் பேசினார். கையில் வயல்வட்டைகளைக் கீறிய பழைய கடதாசி ஒன்று. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்குமுன் பட்டிப்பளை ஆற்று நீர் எந்த வழியாக வந்தது, அணை வந்தபின் எது மாறியது, 1957 வெள்ளத்தில் எது உடைத்தது, எந்த இடத்தில் தண்ணி "தன்ட பழைய பாதைய மறக்கல்ல" என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். முல்லைக்காரர், போடியார், வாய்க்கால் பங்கு, தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே மதகில் நின்று சண்டைபிடித்ததும் சேர்ந்ததும் எல்லாம் அதற்குள் வந்தன. இடையில் பத்துத் தடவையாவது சபையிலிருந்து மறித்துக் கேட்டார்கள். இரண்டு தடவை "நீ சொல்றதுதான் சரி தம்பி" என்று ஒத்துக்கொண்டார். ஒலிப்பதிவு இல்லை. பொன்னாடையும் இல்லை.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்கும் எங்கள் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாதையை மூடி ஓடியபோது, மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதை நாடே அறியும். அந்தப் பாதையின் வரலாறு, அந்தத் தண்ணீரின் வரலாறு, அங்கே எப்போது எவ்வளவு உயரம் வெள்ளம் ஏறியது என்ற கணக்கு எதுவும் எந்த ஊர் வரலாற்று மேடையிலும் அதற்கு முன் பேசப்பட்டு நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அந்த வட்டைவிதானையின் கடதாசி எங்கே இருக்கிறது என்று போன மாதம் விசாரித்தேன். மகள் வீட்டில், அலுமாரிக்கு மேலே, சுருட்டி வைத்திருக்கிறார்களாம்.