முயலின் இரண்டாம் பந்தி

மாடும் முயலும் தின்பது ஒரே புல்தான். புல்லை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களை மாடு சிறுகுடலுக்கு முன்னாலேயே, இரைப்பையில் குடிவைத்திருக்கிறது. அவை பெருகிச் சிறுகுடலுக்குள் இறங்கியதும் மாட்டுக்கே புரதமாகிவிடும். முயலின் அமைப்பு தலைகீழ். அதன் நொதிகலனான குருட்டுக்குடல் சிறுகுடலைத் தாண்டி இருக்கிறது. செரிமானப் பாதையில் உள்ள சரக்கில் ஏறக்குறைய 40 சதவீதம் அங்கேதான் கிடக்கும். உறிஞ்சும் இடத்தைக் கடந்தபின் விளையும் புரதத்தால் யாருக்கு என்ன லாபம்? இந்த முடிச்சை முயலின் உடல் அவிழ்க்கும் விதம் ரசிக்கத்தக்கது.

முதலில் பெருங்குடலின் தேர்ந்த கை. சுமார் 0.3 மி.மீ.க்கு மேற்பட்ட நார்த்துணுக்குகளை அது முன்னே அனுப்பிவிடுகிறது. கூண்டடியில் நாம் பார்க்கும் காய்ந்த உருண்டைப் புழுக்கை அதுதான். நுண்துகளையும் நீரையும் நுண்ணுயிர்களையும் பின்னோக்கிச் சுருங்கித் திரும்பக் குருட்டுக்குடலுக்கே தள்ளுகிறது. தினமும் ஒரு வேளையில் இந்தப் பிரிப்பு நின்றுவிடும். காட்டு முயலுக்கு அது வளையில் ஒதுங்கியிருக்கும் பகல்நேரம். அப்போது குருட்டுக்குடலின் சரக்கு அப்படியே இறங்கி வருகிறது. ஒரே குடல், இரண்டு நடை, இரண்டு வகைப் புழுக்கை!

இரண்டாவது வகை மிருதுவானது. சளிப்பூச்சால் மினுங்கும் சிறு மணிகள், திராட்சைக் கொத்துப்போல் ஒட்டியிருக்கும். முயல் வளர்ப்பவர் கண்ணில்கூட இது எளிதில் படாது. முயல் குனிந்து, கீழே விழவிடாமல், ஆசனவாயிலிருந்தே வாயில் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கம்பிவலைத் தரை போட்டாலும் இந்தப் பழக்கத்தைத் தடுக்க முடிவதில்லை. இதைப் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மோரோ 1882இலேயே விவரித்து எழுதியிருக்கிறார்.

புல்லை அரைத்து அரைத்துத் தின்னும் பிராணி, இதை மட்டும் மெல்லாமல் விழுங்குகிறது. காரணம் அந்தச் சளிப்பூச்சில் இருக்கிறது. அது கிழியாதவரை இரைப்பை அமிலம் உள்ளே எளிதில் புகாது. மணிகள் சில மணி நேரம் உருக்குலையாமல் இருக்க, உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் நொதித்தலைத் தொடர்கின்றன. இன்னும் நுட்பமான ஏற்பாடு ஒன்றும் உண்டு. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியையும் பெருங்குடல் இந்தப் புழுக்கையோடு கலந்தே அனுப்புகிறது. காக்கும் உறையும் உடைக்கும் கருவியும் ஒரே பொட்டலத்தில்!

நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் மூலப்பொருளிலும் சிக்கனம் தெரிகிறது. சிறுநீரில் கழியவேண்டிய யூரியாவில் ஒரு பகுதி இரத்தத்திலிருந்து குருட்டுக்குடலுக்குள் கசிந்து அம்மோனியாவாகிறது. அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு நுண்ணுயிர்கள் தங்கள் உடற்புரதத்தைக் கட்டிக்கொள்கின்றன. கழிவாகப் போகவிருந்தது இரையாகத் திரும்புகிறது.

மென்புழுக்கையின் உலர் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் புரதம். அதில் பெரும்பங்கு நுண்ணுயிர்களுடையது. கெட்டிப் புழுக்கையில் இதில் பாதியளவுதான் இருக்கும். ஆனாலும் முயல் உட்கொள்ளும் மொத்தப் புரதத்தில் இந்த இரண்டாம் பந்தியின் பங்கு பொதுவாக 15 முதல் 25 சதவீதம்தான். மீதியெல்லாம் நேரே தீனியிலிருந்து வருவது. அளவில் சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது; இதன் சிறப்பு தரத்தில். தாவர உணவில் அடிக்கடி பற்றாக்குறையாகும் லைசினும் மெத்தியோனைனும் திரியோனைனும் நுண்ணுயிர்ப் புரதத்தில் தாராளம். பண்ணை முயலுக்கு இவற்றைக் கணக்குப் பார்த்துத் தீவனத்தில் சேர்க்க ஆள் உண்டு. காட்டு முயலுக்கு அந்தக் கணக்கைப் பார்ப்பது அதன் குருட்டுக்குடல்தான்.