மரவண்டியில் எண்ணூர் வரைக்கும்

டிக், டிக், டிக், டிக்.

ராயபுரம் ரயில் நிலையத்து வாசலில், விடியற்காலை அஞ்சே காலுக்கு, டீக்கடை பாய்லர்கூட சூடாகாத நேரத்தில் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். கூட்டாளி சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமும், புகை கக்கும் என்றெல்லாம் எதிர்பார்த்து சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ உள்ளே பாட்டி வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவசர அவசரமாக ஓடுகிற மாதிரி டிக் டிக் என்று மட்டும் கேட்டது. “பெட்ரோல் பம்ப்புடா, கார்புரேட்டர் ரொம்பட்டும், இரு” என்றான். டிக்... டிக்... டிக். நின்றது. சோக்கை இழுத்தான், பக்கத்தில் இருந்த இன்னொரு குமிழையும் இழுத்தான். ஆமாங்க, இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும்! ஒரு செருமல், ஒரு குலுக்கல், அப்புறம் தையல் மெஷின் மாதிரி சன்னமாக ஓட ஆரம்பித்தது பாருங்கள், எனக்கு வயது ஐம்பத்திரண்டு, கை தட்டிவிட்டேன்.

1959-ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் டிராவலர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வெளிவந்த அந்தக் குண்டுக் கன்னக் காரின் பின்பாதியை அப்படியே மரச்சட்டத்தில் கட்டி, 1953-ல் இறக்கிய ஸ்டேஷன் வேகன். ஆரம்பகால மைனரை நம்மூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று பேர் வைத்து விற்றது, பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மைனரின் பானட் நடுவில் ஒரு பட்டை ஓடும். வண்டியை வடிவமைத்து முடித்த பிறகு, அகலம் போதவில்லை என்று இஸிகோனிஸ் சோதனை வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நாலு அங்குலம் நகர்த்தி வைத்துப் பார்த்தாராம். அந்த இடைவெளிதான் பட்டை. இந்தக் கதையை அன்றைக்கு மட்டும் கூட்டாளியிடம் மூன்று தரம் சொன்னேன். வண்டி அவனுடையது. அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் மூன்று தரமும் “அப்படியா” என்றான், நல்லவன்.

அப்புறம் அந்தப் பேர். அமெரிக்காவில் ரயிலை விட்டு இறங்கினவர்களையும் அவர்களுடைய பெட்டி படுக்கையையும் ஏற்றிப் போகக் கட்டின மரவண்டிக்குத்தான் ஸ்டேஷன் வேகன் என்று பேர் வந்தது. அந்தப் பேரைச் சுமக்கிற வண்டி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷன் தூண்களுக்கு முன்னால் நிற்கிறது. எனக்குப் புல்லரிக்காமல் வேறு யாருக்குப் புல்லரிக்கும்? கட்டை வண்டிக்குக் கட்டியம் கூறுகிறான் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இப்போது கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முன்பாதி இரும்பு, வெளிர் பச்சை. கதவுக்குப் பின்னால் திடீரென்று பச்சை நின்றுபோய் மரம் ஆரம்பிக்கிறது, தேன் நிறத்தில், வீட்டு ஊஞ்சல் பலகை மாதிரி. சட்டத்துக்கு நடுவே அலுமினியத் தகடு, அதற்கு மேல் இழுத்துத் திறக்கிற கண்ணாடி, பின்னால் அலமாரிக் கதவு மாதிரி இரண்டு கதவு. அழகுக்கு ஒட்டின மரம் என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா! கூரையையே தாங்குவது அந்த மரம்தான். சட்டம் உளுத்தால் வண்டி உளுத்தது என்று அர்த்தம். இங்கிலாந்தில் முன்பெல்லாம் வருஷாந்திரப் பரிசோதனையில் மரம் அழுகியிருந்தால் வண்டி ஃபெயில். கம்பெனி கொடுத்தது ஆஷ் மரம். கூட்டாளி வாங்கும்போது அது கையால் நசுக்கினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததாம்.

அந்த ஆஷ் மரத்துக்கு எங்கே போவது? கார் மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். இவன் நேரே காசிமேட்டுக்குப் போயிருக்கிறான், மெக்கானிக்கைத் தேடி இல்லை, ஓடாவியைத் தேடி. தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டுகிற தச்சர். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாராம், சட்டத்தை விரல் மூட்டால் தட்டிப் பார்த்தாராம், “இன்னா சார் பெரிய விஷயம், கவுத்துப் போட்ட போட்டு தானே இது” என்றாராம். தேக்கில் வேலையை ஆரம்பித்தார். நான் அந்தப் பட்டறைக்கு இரண்டு மூன்று ஞாயிறு போய் உட்கார்ந்திருக்கிறேன். சக்கர வளைவுக்கு மேலே வருகிற அந்த வளைந்த துண்டு இருக்கிறதே, அதற்காகப் பழைய அழுகல் துண்டைப் பலகைமேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார், அளவுகோலே தொடவில்லை, வாய்ச்சியால் செதுக்கினார், கண்ணை இடுக்கிப் பார்த்தார், இழைப்புளியால் இரண்டு இழுப்பு, சுருள் சுருளாக விழுந்தது, கொண்டுபோய்ப் பொருத்தினார், ‘டப்’ என்று உட்கார்ந்தது. மூட்டில் மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்று படகுக்குக் கலப்பத்து அடிக்கிற அதே கவனத்தோடு ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தார். நான் கீழே விழுந்த ஒரு சுருளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் பீரோவில் இருக்கிறது. மனைவிக்குத் தெரியாது.

அன்றைக்குக் காலை கல்மண்டபம் தாண்டி, காசிமேடு துறைமுகத்தில் நிறுத்தி, ஒரு முழு வஞ்சிரத்தைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வாங்கினோம். பின்சீட்டை மடக்கினால் சமதளம். பெட்டியை உள்ளே தள்ளி, அந்த இரண்டு கதவையும் சாத்தினேன். சாத்தினேன் என்றா சொன்னேன்? திறந்து திறந்து நாலு தரம் சாத்தினேன். இரும்புக் கதவு சாத்துகிற ‘டங்’ இல்லை அது. பூஜை அறைக் கதவு சாத்துகிற சத்தம். மீன்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “கதவு ரிப்பேரா நைனா?” என்றார்.

அங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலை. வலப்பக்கம் கடல், கருங்கல் கொட்டின கரை, அதன்மேல் அப்போதுதான் எழும்புகிற சூரியன். இடப்பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள், துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கிறது முடிவே இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரு வீடு உயரம், நடுவில் நாங்கள், 948 சிசி, 37 குதிரைசக்தி, தீப்பெட்டி மாதிரி! ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, கருவாட்டு வாசம், டீசல், எல்லாவற்றுக்கும் அடியில் இளவெயில் பட்ட தேக்கும் வார்னிஷும் கலந்து ஒரு வாசனை, அது எங்கே அடித்திருக்கிறது என்று யோசித்தால் புது நாதஸ்வரப் பெட்டியில், அல்லது சின்ன வயதில் பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள் பெஞ்சில். மூன்றாவது கியரில் வண்டி ஒரு ராகம் இழுக்கிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சர் ‘புர்ர்ர்’ என்று குழந்தை உதட்டைப் பிதுக்கி ஊதுகிற மாதிரி ஊதுகிறது, அந்த ‘புர்ர்ர்’ கேட்பதற்காகவே அவன் ஏற்றி ஏற்றி விட, நான் சிரிக்க, அவன் மறுபடி ஏற்ற, இரண்டு கிழட்டுப் பயல்கள் கண்ணில் தண்ணி வரச் சிரித்துக்கொண்டே போகிறோம். திரும்புவதற்கு இண்டிகேட்டர் விளக்கு கிடையாது. கதவுத் தூணிலிருந்து ஒரு குட்டிக் கைகாட்டி, பழைய ரயில்வே சிக்னல் மாதிரி, மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டு ‘டொக்’ என்று வெளியே நீளும். தேவையே இல்லாத இடத்திலெல்லாம் அதைப் போடச் சொன்னேன். டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் மேலேயிருந்து குனிந்து பார்த்து, “தல, இன்னாது மரத்துல வண்டியா, கரையான் வராதா?” என்று கத்தினார், பதிலுக்குக் காத்திராமல் ஏர் ஹாரனை ஒரு நீளம் அழுத்தினார். கச்சேரியில் கிடைத்த கைதட்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

பிரேக் கொஞ்சம் யோசித்துத்தான் பிடிக்கும். நாலும் டிரம். அதை விடுங்கள்.

திருவொற்றியூர் வந்தது. சும்மா ஊரா அது? 1946-ல் மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் ஊதிப் பார்த்து எம்.ஆர்.எஃப். தொடங்கின ஊர், 1956-லிருந்து நம்மூர் புல்லட் பிறந்த ஊர். தியாகராஜர் கோயில் கோபுரம் தூரத்தில் தெரிய, வழியில் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போன பெரியவர் ஒருவர் சிக்னலில் எங்கள் பக்கத்தில் நின்றார். வண்டியைப் பார்த்தார். கையை நீட்டி மரத்தைத் தடவினார், மாட்டு முதுகைத் தடவுகிற மாதிரி. “தேக்கு” என்றார். பச்சை விழுந்தது, போய்விட்டார்.

எர்ணாவூர் நெருங்கியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்று கேளுங்கள். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கின அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி இறக்கியது. 1949-ல் முதல் கார் வெளியே வந்தது. அப்புறம் லேலண்ட் வந்து, 1955-ல் பேர் அசோக் லேலண்ட் ஆகி, லாரியும் பஸ்ஸுமாக மாறிப் போனது தெரிந்த கதை. தெரியாத கதையைச் சொல்கிறேன்: 1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் ஒரே கம்பெனி ஆனபோது மைனருக்குள் ஆஸ்டின் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். ஆக, எங்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது ஆஸ்டின் வீட்டு ரத்தம்! ஏ40 எஞ்சின் வேறு, இது அதற்குத் தம்பி முறை. இருந்தாலும் பெரியப்பா வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறோம், ஒரு மரியாதை வேண்டாமா? ஃபாக்டரி மதில் பக்கம் வந்ததும் கைகாட்டியைப் போடச் சொன்னேன். திரும்பவேயில்லை, நேரேதான் போனோம், கைகாட்டி மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை எழுத முடியாது.

முகத்துவாரத்தில் நிறுத்தினோம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம், அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு நின்றார்கள். பசங்கள் நாலு பேர் ஓடிவந்து பின்கதவைத் திறந்து திறந்து சாத்த ஆரம்பித்தார்கள். பாருங்கள், எனக்கு மட்டும் இல்லை!

அப்போதுதான் கூட்டாளி எதுவும் பேசாமல் சாவியை என் கையில் வைத்தான்.

உட்கார்ந்தேன். ஸ்டியரிங் பெரிசு, சன்னம். கை நடுங்கியது. சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக், டிக். நின்றதும் சாவியை அணைத்துவிட்டேன். மறுபடி திருப்பினேன். டிக். அணைத்தேன். மறுபடி.

“டேய்” என்றான் கூட்டாளி, “கெளம்புடா, மீன் கெட்டுப்போவுது.”