சோழருக்கு இடங் கிடைத்தது

"சிவிலிசேஷன்" என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டின் ஏழாம் பதிப்பில் சோழருக்கு இடங் கிடைத்திருக்கிறது என்ற செய்தி, எங்கள் தோட்டத்து இளைஞர் சிலரைத் துள்ளிக் குதிக்கச் செய்தது. "ஐயா, நம்மவர் வந்துவிட்டார்கள்!" என்று அலுவலக வாசலில் நின்று கூவியவனும் உண்டு. நானும் மகிழ்ந்தேன்; மறைப்பானேன்? இருபது ஆண்டாக இவ்விளையாட்டை ஆடி வருகிறவன் நான். ஆயினும் ஏழாம் பதிப்பைச் சில மாதம் ஆடிப் பார்த்த பின்னர், அம்மகிழ்ச்சி எவ்வளவு தூரம் நியாயமானது என்று ஆராய வேண்டியதாயிற்று.

இலக்கியப் பகுதியில் விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகளிற் பலர் அசோகனையும் மங்கோலியரையும் முதன்முதற் சந்திப்பது பாடப்புத்தகத்தில் அன்று, இத்தகைய திரையில்தான். ஆங்கில வழியிற் படித்த நானே அப்படித்தான் சந்தித்தேன். ஆகவே, சரித்திரத்தைக் கதையாக்கிச் சொல்லும் ஒரு பொருளை நூலை ஆராய்வதுபோலவே ஆராய்தல் தகும்.

அறியாதார் பொருட்டுச் சிறிது சொல்கிறேன். இவ்விளையாட்டை 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்ரோபுரோஸ் என்னும் நிறுவனம் வெளியிட்டது. அமைத்தவருள் முதல்வர் சிட் மையர். ஆடுவோன் ஒரு மக்களினத்தைத் தேர்ந்துகொண்டு, கி.மு. 4000-இல் குடியேறுவோர் சிலருடன் ஒரு வெற்று நிலத்தில் தொடங்குகிறான், ஊர் அமைக்கிறான், எழுத்தும் சக்கரமும் காண்கிறான், அண்டை நாட்டாரோடு வாணிகமோ போரோ செய்கிறான், இறுதியில் விண்வெளிக்குக் கலம் விடுமளவு வளர்கிறான், அல்லது இடையில் அழிகிறான். இதன் சுவை முழுவதும் ஒன்றில் அடங்கியிருந்தது: ஆதியிற் செய்த பிழை அந்தம் வரை உடன் வரும். நான்காம் பதிப்பில் ஒருமுறை, நீர்வளமுள்ள இடத்தை விட்டு மலையோரத்தில் தலைநகரை நிறுவினேன். பகைவன் அங்கே வரமாட்டான் என்பது என் கணக்கு. பகைவன் வரவில்லைதான். ஆனால் நகரம் வளரவுமில்லை. பிறர் பீரங்கி வார்த்த காலத்தில் நான் வில்லோடு நின்றேன். செக்ரோல் எழுதி முடித்த இரவுகளில் அந்த ஒரே ஆட்டத்தை மூன்று வாரம் ஆடித் தோற்றேன். அத்தோல்வியை இன்றும் மறக்கவில்லை; எத்தனையோ வெற்றிகளை மறந்துவிட்டேன்.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பு இந்தத் தொடர்ச்சியை இரண்டு இடங்களில் அறுத்துவிட்டது. இப்போது இவ்விளையாட்டை அமைப்பது பைராக்சிஸ், வெளியிடுவது டூ-கே. ஆட்டம் மூன்று காலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: பழங்காலம், கடல் கடந்து நாடு தேடும் காலம், நவீன காலம். ஒரு காலம் முடிந்ததும் ஆடுவோன் தன் மக்களினத்தைக் கைவிட்டு வேறோர் இனத்தை ஏற்கவேண்டியிருந்தது. வெளிவந்தபொழுது இருந்த விதிப்படி, அந்த எல்லையில் நடக்கும் போர்கள் தாமே நின்றுவிடும். நகரங்களிற் பல மீண்டும் சிற்றூர்களாகும். படைகளில் ஒரு பகுதி சொல்லாமற் கொள்ளாமல் மறையும். பகைவன் கோட்டையை மூன்று பக்கமும் வளைத்து நிற்கையில், "காலம் முடிந்தது" என்று மணி அடித்தால் எப்படியிருக்கும்? பள்ளிப் பரீட்சை நினைவுதான் வருகிறது.

இதற்கு அமைப்பாளர் சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பெரும்பாலோர் ஆட்டத்தை முடிப்பதேயில்லை; நடுவில் எவன் வெல்வான் என்று தெரிந்துவிடுவதால் பின்பாதி சலிக்கிறது என்றனர். இது மெய், நானும் முடிக்காமல் விட்டவை ஏராளம். சரித்திரம் அடுக்கின்மேல் அடுக்காக எழுவது, லண்டன் மாநகரம் ரோமர் அடுக்கின்மேல் நார்மானியர் அடுக்காக எழுந்தது போல, என்பதும் அவர்களின் வாதம். இதுவும் தள்ளத்தக்கதன்று. ஆறாயிரம் ஆண்டு ஒரே கொடியின்கீழ் ஒரே நாடு என்பது உலகில் எங்குமே நடவாத கற்பனை அல்லவா? நோய் இன்னதென்று சரியாகக் கண்டனர். மருந்தைத்தான் பிழையாகக் கொடுத்தனர். கதையின் பின்பாதி சலித்தால் பின்பாதியைச் செப்பனிடவேண்டும். கதாநாயகனை மாற்றுவது வைத்தியமாகாது. இம்மாற்றம் அவர்களே முதலிற் கண்டதுமன்று. "ஹ்யூமன்கைண்ட்" என்ற வேறொரு விளையாட்டு 2021-லேயே இதனைச் செய்தது. எதிரே நிற்பவன் எவன், சென்ற காலத்தில் அவன் எந்த இனத்தவன் என்பதே மறந்துபோகிறது என்ற குறை அப்போதே எழுந்தது.

இனிச் சோழருக்கு வருவோம். முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். இவ்விளையாட்டிற் சோழருக்குரிய தனிக் கட்டடங்கள் எவை தெரியுமா? அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். இரண்டையும் ஒரே இடத்திற் கட்டினால் ஐந்நூற்றுவர் பேட்டை உருவாகிறது. கப்பலின் பெயர் கலம். தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு. இதை முதலிற் கண்டபொழுது எனக்கு உண்மையாகவே வியப்பாயிருந்தது. மணிக்கிராமத்தார் பெயர் சயாம் நாட்டுத் தக்குவாப்பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் நிற்கிறது. ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. ஐந்நூற்றுவரின் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சுமத்திராவின் பாரூஸில் கிடைத்தது. அரசர் படையெடுப்புக்கு முன்னும் பின்னும் இக்கரைக்கு வந்தவர் வணிகர். இதை நம் மேடைப் பேச்சாளர் பலர் சொல்வதில்லை. அவர்களுக்கு 1025-இல் ராஜேந்திரன் கடாரத்தை வென்ற கதை ஒன்றே போதும். அமெரிக்காவிலிருந்து வந்த விளையாட்டு வணிகரை முன்னிறுத்தியது. படித்தவர் எவரோ அங்கே உழைத்திருக்கிறார். நான் வாழ்வது அந்தக் கடார மண்ணில். பூஜாங் பள்ளத்தாக்கைப் பலமுறை கண்டவன். இவ்வளவு செய்தவர்களை வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இவ்வுழைப்பையெல்லாம் ஆட்டத்தின் புது அமைப்பு வீணாக்குகிறது. வெளிவந்தபொழுது சோழர் நடுக்காலத்தில் மட்டுமே இருந்தனர். பழங்காலத்தில் மௌரியராக ஆடினால் சோழராக மாற வழி திறக்கிறது. சோழராக ஆடினால் நவீன காலத்தில் முகலாயராக மாற வழி திறக்கிறது. வேறு வழிகளும் உண்டு. ஆயினும் அமைப்பாளரே இயல்பான வரிசையாகக் காட்டியது இதுதான். அசோகன் தன் பாறைக் கல்வெட்டுகளில் சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு அப்பால் உள்ளவர் என்றே பொறித்தான். அவன் "அப்பால்" என்றவரை விளையாட்டு அவன் வாரிசாக்குகிறது! மறுமுனையைப் பார்த்தாலோ, சோழராட்சி 1279-இல் முடிந்தது. பாபர் பானிபட்டில் வென்றது 1526-இல். இடையே கிடக்கும் இருநூற்று நாற்பத்தேழு ஆண்டும் ஒரு பொத்தானை அமுக்குவதில் மறைகின்றன. தலைவரைத் தனியாகத் தேர்ந்துகொள்ளலாம் என்பது புது விதி. வெளியான பட்டியலில் ராஜராஜனோ ராஜேந்திரனோ இல்லை. ஆகவே சோழருக்குத் தலைமை தாங்கி பெஞ்சமின் பிராங்க்ளின் கலம் செலுத்துவதைக் கண்டேன். சிரிப்பு வந்தது, சிரித்து முடித்தபின் வருத்தமும் வந்தது.

அரச குலப் பெருமையில் எனக்கு நாட்டமில்லை. தானம் பெற்றவன் பெயரைப் பொறித்த கல்வெட்டுகள் உழுதவன் பெயரைப் பொறித்தது அரிது. சோழர் என்னும் குலம் மறையலாம்; மறைந்தே போயிற்று. என் வழக்கு குலத்தைப் பற்றியதன்று. சரித்திரத்தில் மாறுவது ஆட்சி, நிற்பது மக்கள். என் பாட்டனார் இந்தத் தோட்டத்துக்கு வந்தபொழுது ஒரு கொடி பறந்தது. 1942-இல் ஜப்பானியர் கொடி வந்தது. 1945-இல் பழைய கொடி திரும்பியது. 1957-இல் சுதந்திரக் கொடி. 1963-இல் நாட்டின் பெயரே மாறியது. நான்கு மாற்றத்திலும் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றவர் அவரேதான். பேசிய மொழியும் அதுவேதான். பழைய பதிப்புகளில் அரசாங்க முறை மாறும், முடியாட்சி போய்க் குடியாட்சி வரும், மக்கள் அவர்களே. அது குழந்தைத்தனமான கற்பனையாயினும் உண்மைக்கு அருகில் நின்றது. புதிய பதிப்போ அரண்மனையில் ஆள் மாறியதும் வயலில் நிற்பவனின் பெயரையும் மாற்றிவிடுகிறது.

வாணிக விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. வெளிவந்தபொழுது விலை அமெரிக்காவில் 70 வெள்ளியாக இருந்தது. அதற்கு மேல் 100, 130 வெள்ளிப் பதிப்புகளும் இருந்தன. இத்தனைக்கும் நவீன காலத்தில் பிரிட்டன் இல்லை! ரப்பரையும் தோட்டத்தையும் கிராணி வேலையையும் இந்நாட்டில் உண்டாக்கிய பிரிட்டனை, அடுத்த மாதம் தனிக் கட்டணத்துக்குக் கார்த்தேஜோடு சேர்த்து விற்றார்கள். வெற்றிக்குப் பின்னும் ஆட்டத்தைத் தொடரும் பழைய வசதி முதலில் இல்லை. பெரிய நிலப்படங்களும் இல்லை. இவை பின்னர் இலவசமாகவே சேர்க்கப்பட்டன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டு அனுபவமுள்ளவர் சாதம் இல்லாமல் இலை போட்டு, விருந்தினர் கேட்டபின் வடிக்கத் தொடங்குவது முறையா?

2025-இன் கடைசி மாதங்களில், ஒரே மக்களினமாகத் தொடக்கமுதல் இறுதிவரை ஆடுவதற்கும் வழி செய்ய முயல்வதாக அமைப்பாளர் அறிவித்தனர். ஆடுவோர் முணுமுணுப்பு காதில் விழுந்தது என்பது இதனால் தெரிகிறது. அவ்வறிவிப்புக்குச் சில மாதம் முன்பு, செப்டம்பரில், அந்நிறுவனத்தில் ஆட்குறைப்பும் நடந்தது. வழி தவறியதை முடிவு செய்தவர் யார், வேலை இழந்தவர் யார் என்பது தோட்டத்தில் வேலை செய்யும் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

அலுவலக வாசலிற் கூவிய தம்பி, ஏழாம் பதிப்பை வாங்கலாமா என்று பிறகு வந்து கேட்டான். சிறிது பொறு என்றேன். என்னிடமிருந்த நான்காம் பதிப்பை என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஆடிப் பார்க்கச் சொன்னேன். அதிற் சோழர் இல்லையே என்று முகஞ் சுளித்தான். இல்லைதான் என்றேன். நேற்று மாலை, மங்கோலியரிடம் தலைநகரைப் பறிகொடுத்துவிட்டதாக வந்து சொன்னான். ஆற்றங்கரையிற் காவல் வைக்காதது தன் பிழை என்று அரைமணி நேரம் விளக்கினான். இன்றிரவும் வருகிறானாம்.