சாவிக்கொத்தும் ஓர் அறிக்கையும்

ஓடிக்கொண்டிருக்கும் காரில் சாவி தானாகத் திரும்பிக்கொண்டால் என்ன ஆகும்? எஞ்சின் நின்றுவிடும் என்று உடனே சொல்வீர்கள். சரியே. ஆனால் அதோடு முடிவதில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் விசை போய்விடும். பிரேக்குக்குத் துணைசெய்யும் விசை குறைந்துவிடும். மோதலின்போது விரிந்து உயிரைக் காக்கவேண்டிய காற்றுப்பைகளும் செயலற்றுப் போகும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விற்ற செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களில் நேர்ந்தது இதுதான். இந்தப் பழுதுக்காக 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

இப்பழுது இத்தனை ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்தது ஏன் என்று ஆராய, நிறுவனத்தின் இயக்குநர் குழு ஆன்டன் வலுகாஸ் என்ற வழக்கறிஞரை நியமித்தது. 300 பக்கங்களுக்கு மேற்பட்ட அவரது அறிக்கை 2014 ஜூனில் வெளியாயிற்று. பொறியியல் மாணவர்கள் அவசியம் படிக்கவேண்டிய ஆவணம் அது. ஆயினும் அதன் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பழுதைப் புரிந்துகொள்வோம். இக்னிஷன் சுவிட்சுக்குள் சுருள்வில்லால் தள்ளப்படும் சிறு முளை ஒன்று உண்டு. அது ஒரு பள்ளத்தில் அமர்ந்து, சாவியை ஓட்ட நிலையில் பிடித்துவைக்கிறது. அந்தப் பிடியை மீறிச் சாவியைத் திருப்பக் குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்பது நிறுவனமே வகுத்த அளவு. 100 கிராம் எடையுள்ள சாவிக்கொத்து, சாவியின் அச்சிலிருந்து 3 செ.மீ. தள்ளித் தொங்குவதாகக் கொள்ளுங்கள். அது தரும் முறுக்குவிசை சுமார் 3 நியூட்டன்-சென்டிமீட்டர்தான். ஆனால் வண்டி பள்ளத்தில் விழுந்து குலுங்கும்போது இது பல மடங்காகும். முழங்கால் பட்டாலோ இன்னும் அதிகம். விதித்த அளவு இருந்திருந்தால் சாவி பெரும்பாலும் தாங்கியிருக்கும். சோதனைகளில் கிடைத்த அளவு மிகக் குறைவாக இருந்தும், 2002இல் சுவிட்சுக்கு ஒப்புதல் தரப்பட்டது.

இந்த வரலாற்றை ஆண்டுவாரியாக அடுக்கித் தருவதே அறிக்கையின் பெரும் சிறப்பு. கார் நடுவழியில் நின்றுவிடுகிறது என்ற புகார்கள் 2004, 2005ஆம் ஆண்டுகளிலேயே வந்தன. அவற்றைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று வகைப்படுத்தாமல், வாடிக்கையாளரின் வசதி பற்றிய குறை என்று வகைப்படுத்தினார்கள். சாவி திரும்பினால் காற்றுப்பை வேலைசெய்யாது என்பது சுவிட்ச் பற்றி முடிவெடுத்தவர்களுக்கு எட்டவேயில்லை. ஆகவே 2005இல் விற்பனையாளர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும் அனுப்பினார்கள்: புகார் சொல்பவரிடம் சாவிக்கொத்தின் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், சாவியின் நீண்ட துளையைச் சிறிதாக்கும் செருகலைக் கொடுங்கள். அந்தச் செருகலைப் பெற்றவர்கள் 500 பேர்கூட இல்லை.

அடுத்தது இன்னும் வியப்பானது. 2006இல் சுவிட்சின் முளையும் சுருள்வில்லும் நீளமாக்கப்பட்டன. பழுது நீங்கியது. ஆனால் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை! ஆய்வுக்கூடத்தில் ஒரு புட்டியின் திரவத்தை மாற்றிவிட்டு, மேலே பழைய சீட்டையே ஒட்டிவைத்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். பழைய கார்களில் விபத்து ஏன் அதிகம், புதியவற்றில் ஏன் குறைவு என்று நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் திகைத்தார்கள். விஸ்கான்சின் மாநிலக் காவல் அதிகாரி ஒருவரோ, சாவியின் நிலைக்கும் விரியாத காற்றுப்பைக்கும் தொடர்பு உண்டு என்று 2007இலேயே எழுதிவிட்டார். பாகம் மாற்றப்பட்ட உண்மை 2013இல் ஒரு வழக்கின்போது அம்பலமாயிற்று. இறந்தவரின் குடும்பத்துக்காக வேலைசெய்த வெளிப் பொறியாளர் ஒருவர், புதிய சுவிட்சை விலைக்கு வாங்கிப் பழையதோடு ஒப்பிட்டார். அவ்வளவுதான், உண்மை தெரிந்துவிட்டது.

இனி அறிக்கையின் குறைகளுக்கு வருவோம். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு ஒருவரும் செயல்படாத வழக்கத்தையும், பொறுப்பைப் பிறர் பக்கம் கைகாட்டும் வழக்கத்தையும் அறிக்கை நன்றாகவே வருணிக்கிறது. இதன் விளைவாக 15 பேர் வேலையிழந்தனர். ஆனால் மேல்மட்டத் தலைவர்களுக்குச் செய்தி எட்டவில்லை என்று முடித்துவிடுகிறது. விசாரணைக்குப் பணம் தந்ததே நிறுவனம். விசாரித்த சட்ட அலுவலகமும் முன்பு அதே நிறுவனத்துக்கு வேலைசெய்ததுதான். இதைப் படிப்பவர் மனத்தில் கொள்ளவேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அறியாமை தானாக விளைந்ததா, விளைவிக்கப்பட்டதா? 2008இல் ஊழியர் பயிற்சிக்காகத் தயாரித்த தாள்களில், எழுதக்கூடாத சொற்களின் பட்டியல் இருந்தது. 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுது. 'பிரச்சினை' என்று எழுதாதே, 'நிலைமை' என்று எழுது என்பது அதன் போதனை. ஆபத்தை ஆபத்து என்று எழுதத் தடைவிதித்துவிட்டு, செய்தி மேலே வரவில்லை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? சொல்லை அடக்கியவர்களே செய்தியையும் அடக்கினார்கள். தனிமனிதர்களின் திறமையின்மை மீது அறிக்கை சுமத்தும் பழியில் பெரும்பகுதி இங்கேதான் சேரவேண்டும்.

பாகங்களுக்கு ஒழுங்கான அடையாளம் இருந்தால் என்ன நன்மை என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. சென்னையை அடுத்துத் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களில் இக்னிஷன் காயில் பழுது தெரிந்ததும், 2021 மே மாதத்தில் 2,36,966 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை வந்த காயில்களில்தான் குறை என்று வரையறுக்க முடிந்தது. அதனால் எந்த வண்டியைச் சோதிக்கவேண்டும் என்பதை வண்டியின் எண்ணைக் கொண்டே சொல்லமுடிந்தது. 2019இல் திருத்தப்பட்ட நமது மோட்டார் வாகனச் சட்டமும், பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்துள்ளது. உரிமையாளர்களின் புகார்களும் அதற்கு ஆதாரமாகும்.

ஆகவே, வாசகர்களே, உங்கள் வண்டி ஓட்டத்தில் நின்றுவிட்டால், பட்டறையில் எழுதும் ஜாப் கார்டைக் கையெழுத்திடுமுன் படியுங்கள். 'பொதுச் சோதனை' என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். 'இன்ன வேகத்தில், ஓடும்போதே எஞ்சின் நின்றது' என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் சேசிஸ் எண்ணுக்குத் திரும்ப அழைப்பு ஏதேனும் உண்டா என்றும் கேளுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை சாவியைத் தனியாகவே போடுங்கள். கொத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.