ஓசை அடங்கிய சுழற்சி

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, அதனுள் உள்ள காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கின்றன என்பதாகும். 5,400 சுற்றுகளில், வேண்டிய தகவல் படிப்புமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக 5.6 மில்லிவினாடியும், 7,200 சுற்றுகளில் 4.2 மில்லிவினாடியும் ஆகின்றன. இந்தச் சிறு ஆதாயத்திற்கு விலையாக வெப்பமும் இரைச்சலும் கூடின. அச்சைத் தாங்கிய பால் பேரிங்கின் எஃகுக் குண்டுகள் எவ்வளவு நுட்பமாகக் கடையப்பட்டாலும் குறையற்ற கோளங்களாக அமைவதில்லை என்பதால், அவை எழுப்பிய கீச்சொலி தேயத் தேய வலுத்தது.

குண்டுகளை அகற்றிவிட்டு, அச்சுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலத்தை நிறுத்தி, சுழற்சியால் அதில் பிறக்கும் அழுத்தத்தைக் கொண்டே உலோகத்தை உலோகம் தொடாமல் மிதக்கவிடுவது திரவத் தாங்கியின் உத்தியாகும். 2001இல் வெளிவந்த சீகேட் பாரக்குடா ஏடிஏ 4, 7,200 சுற்றில் ஓடியும் இத்தாங்கியால் அமைதிக்குப் பெயர்பெற்றது. உராய்வைத் தவிர்க்கும் அதே எண்ணெய் அதிர்வையும் உறிஞ்சிக்கொள்வதே இவ்வமைப்பின் பேரழகு.

எஞ்சுவது, முனை தடம் மாறும்போது எழும் கடகட ஒலி. கணினிப் பெட்டியின் தகரமே அதைப் பெருக்கிக் காட்டுவதால், ரப்பர் வளையங்கள் இட்டுத் திருகினால் பெருமளவு அடங்கும். இன்று கணினியை மேம்படுத்துவோர், இயங்குதளத்தை நகரும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டியில் வைத்து, படங்களையும் காணொளிகளையும் சேமிக்க 5,400 சுற்று வன்தட்டைத் தேர்ந்தால் போதும். வீட்டுக் கணினிக்கு 7,200ஐத் தேடிச் செல்லக் காரணம் அதிகமில்லை.