மில்லியின் மௌனமும் நானியின் வாயும்

கப்பர்நாகூமில் பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்ததையும், ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட அவர் எழுந்து பணிவிடை செய்ததையும் மாற்கு எழுதியிருக்கிறார். மாமியார் இருந்தார் என்றால் மனைவியும் இருந்திருக்க வேண்டும். ஆயினும் நான்கு நற்செய்திகளில் ஒன்றிலேனும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9-ஆம் அதிகாரத்தில், கேபா மனைவியோடு பயணம் செய்வதைப் பவுலடியார் வேறொரு வாதத்தின் நடுவே போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார், அவ்வளவே. வலையையும் படகையும் விட்டு வந்தவரின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இறைப்பணியாளரின் மனைவிக்கு நாவல் இலக்கியம் இடம் கொடுத்தது, அதுவும் தாமதமாகத்தான். 1857-ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், இங்கிலாந்தில் இரண்டு படைப்புகள் வெளிவந்தன. ஒன்று ஜார்ஜ் எலியட்டின் ‘ஆமோஸ் பார்ட்டன்’ என்னும் நெடுங்கதை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ‘பிளாக்வுட்’ இதழில் ஆசிரியர் பெயரின்றி வந்த இக்கதை, மறு ஆண்டு ‘குருக்கள் வாழ்வின் காட்சிகள்’ என்ற நூலில் முதற்கதையாய் அமைந்தது. மற்றொன்று ஆன்டனி டிராலப்பின் ‘பார்செஸ்டர் டவர்ஸ்’. இரண்டிலும் வருமானம் போதாத குருவின் மனைவி ஒருத்தி வருகிறாள். இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அக்காலத்து நாவலாசிரியர்கள் இத்தகைய பெண்ணிடம் எதைப் போற்றினர், எதைக் கண்டு சிரித்தனர் என்பது தெளிவாகிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மணமான குருக்களின் வீட்டுக்கதையில் நமக்கென்ன வேலை என்று வாசகர் வினவலாம். கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் மணமான குருக்கள் இன்றும் உள்ளனர் என்பது ஒரு பதில். தென்னிந்தியத் திருச்சபையின் ஐயரம்மாக்கள் நம் பக்கத்து வீட்டுச் சகோதரிகள் என்பது இன்னொன்று. இவற்றினும் நெருங்கிய பதில் நம் உபதேசியார்களின் மனைவியர். குரு எப்போதோ வந்து பலிநிறைவேற்றும் கிளைக் கிராமத்தில் கோயிலைக் கூட்டுவதும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பதும், குருவுக்கும் அவரோடு வந்தவர்க்கும் உலை வைப்பதும் யார் என்பதை நாம் அறிவோம். சம்பளம் ஒருவருக்கு, உழைப்பு இருவருடையது.

எலியட்டின் கதைக்கு வருவோம். ஆமோஸ் பார்ட்டன் ஷெப்பர்டன் என்னும் ஊரில் உதவிக் குரு. பங்கின் உரிமைக் குரு வேறிடத்தில் வாழ்கிறார். ஊழியம் செய்பவர்க்கு ஆண்டுக்கு 80 பவுன். அதைக் கொண்டு ஆறு குழந்தைகளை வளர்க்கவும், கறுப்பு அங்கி கிழியாமல் ஊரார் முன் நிற்கவும் வேண்டும். ஆமோஸ் தீயவர் அல்லர், திறமையற்றவர். அனாதை விடுதியில் ஒதுங்கிக் கிடக்கும் முதியோர்க்குப் புளியாத அப்பத்தின் உட்பொருளை விளக்குகிறார். அவர்களுக்கு அது எட்டவில்லை. இத்தகைய நல்ல மனிதரை நாம் எல்லாருமே சந்தித்திருக்கிறோம். ஆசிரியர் அவரை எள்ளி நகையாடவும் இல்லை, உயர்த்திப் பிடிக்கவும் இல்லை. சாதாரண மனிதனின் சாதாரணத் துயரம் நம் கண்ணீருக்குத் தகுதியானது என்பதே அவர் இக்கதையில் எடுத்துக்கொண்ட வழக்கு.

மனைவி மில்லி அழகும் சாந்தமும் நிறைந்தவள். இறைச்சிக் கடைக்காரனின் பாக்கி அவளுக்குத் தெரியும். இரவில் கணவர் கண்விழிக்கக் கூடாதென்று, கிழிந்த காலுறைக் குவியலைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு, விடியும் வேளையில் சால்வையைப் போர்த்திப் படுக்கையிலேயே அமர்ந்து தைக்கிறாள். இந்தக் காட்சியை எழுதிய கையின் நயத்தைப் பாராட்டத்தான் வேண்டும். வறுமை என்ற சொல்லைக்கூட அதிகம் பயன்படுத்தாமல், ஊசியையும் நூலையும் கொண்டே அதை எலியட் காட்டிவிடுகிறார்.

இந்த வீட்டில் வந்து தங்குகிறாள் செர்லாஸ்கி என்னும் சீமாட்டி. தன் சகோதரனோடு பிணங்கிக்கொண்டு சில நாளைக்கென்று வந்தவள் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறாள். அவளுக்கென்று தனிச் சமையல், அவளது நாய்க்குத் தனி உபசரணை. மில்லியோ மறுபடியும் கருவுற்றிருக்கிறாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? குருவுக்கும் சீமாட்டிக்கும் தொடர்பு என்று பேச்சுக் கிளம்புகிறது. முன்பெல்லாம் அன்போடு வந்து உதவிய திருமதி ஹேக்கிட் கூட குருமனைப் பக்கம் வருவதை நிறுத்துகிறாள். மில்லி ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளியைப் போகச் சொல்வது அன்புக்கு மாறானது என்று கணவர் எண்ணுகிறார். கணவரின் எண்ணத்துக்கு மாறாக எதையும் எண்ணுவது மில்லிக்குப் பழக்கமில்லை.

இங்கேதான் கதையின் கதை சொல்லியும் கதையின் நிகழ்ச்சிகளும் பிரிகின்றன. கதை சொல்லி மில்லியின் பொறுமையைப் பக்கத்துக்குப் பக்கம் வாழ்த்துகிறார். ஆனால் அந்தப் பொறுமை கதையில் எதையும் சரிசெய்வதில்லை. சரிசெய்பவள் நானி என்னும் வேலைக்காரி. எசமானி உயிரைவிட்டு உழைப்பதையும், ஊர் என்ன பேசுகிறது என்பதையும் அவள் ஒரு நாள் சீமாட்டியின் முகத்துக்கு நேரே கொட்டித் தீர்க்கிறாள். நயமில்லாத பேச்சு; பண்புள்ளவர் பேசக் கூசும் பேச்சு. ஆயினும் சீமாட்டி மூட்டை கட்டுவது அந்தப் பேச்சினால்தான். திருமதி ஹேக்கிட் மீண்டும் வருவதும் அதன் பிறகே. ஆசிரியர் நானியை நகைச்சுவைக்காகவே படைத்தார் போலும். ஆனால் ஆறு மாதப் பொறுமையால் ஆகாதது ஐந்து நிமிடச் சொல்லால் ஆயிற்று என்பதை அவரது பேனாவே எழுதிவிட்டது.

அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. உடல் தேய்ந்த மில்லிக்கு மாதம் நிறையுமுன் பேறுகாலம் வருகிறது. ஒன்பது வயது மூத்த மகளை அருகே அழைத்து, தந்தையைத் தேற்றவும் தம்பி தங்கையரைக் காக்கவும் சொல்லிவிட்டு அவள் கண்மூடுகிறாள். குழந்தையும் அவளோடு அடக்கம் செய்யப்படுகிறது. உடனே ஊர் மாறுகிறது. பணம் திரட்டுகிறார்கள், பிள்ளைகளைத் தாங்குகிறார்கள், குருவைப் பழித்த வாய்கள் அவருக்காக இரங்குகின்றன. சுவிசேஷம் சொல்லி அவரால் நெருங்க முடியாத மக்களை மனைவியின் கல்லறை நெருங்கச் செய்தது என்று கதை ஆறுதல் காண்கிறது. கதையில் மனத்தை மிக உருக்கும் பகுதி இது. எனக்கு மிகுந்த மனக்குறையைத் தருவதும் இதுவே. திரட்டிய பணத்தில் ஒரு பங்கு ஓராண்டுக்கு முன் வந்திருந்தால் மில்லிக்கு ஒரு துணையாளை வைத்திருக்கலாம். அவள் செத்த பிறகுதான் ஊர் இரங்கும் என்றால், அந்த இரக்கத்தைப் புனிதப்படுத்துவதற்கு முன் ஆசிரியர் ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டாமா? தயக்கத்தின் சாயலே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணீர் அதை மூடிவிடுகிறது.

மில்லி ஏன் வாய்திறக்கவில்லை என்று அவளைக் குற்றம் சாட்டுவதும் நியாயமன்று. யாரிடம் சொல்வது? வீட்டுக் கடனைப் பங்கு மக்களிடம் சொன்னால் அது கணவரின் பெயருக்கு இழுக்கு. உறவினர் அருகில் இல்லை. குருவின் மனைவிக்கு ஊர் முழுதும் உறவு; ஆனால் மனம் திறக்க ஒருத்தி இல்லை. இந்தத் தனிமையை எலியட் உணர்ந்தே எழுதியிருக்கிறார். வார்விக்ஷயரில் நனீட்டன் அருகே பிறந்த மேரி ஆன் எவன்ஸ்தான் ஜார்ஜ் எலியட். அவரது ஊர்ப் பங்கான சில்வர்ஸ் காட்டனில் ஜான் க்வைதர் என்ற உதவிக் குருவின் மனைவி எம்மா 1836-இல் இறந்தபோது இவருக்கு 16, 17 வயது. அந்தக் கல்லறையே இக்கதையின் வித்து. 1859-இல் க்வைதர் பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தில், கதையில் தம்மைக் கண்டுகொண்டதைத் தெரிவித்தார். நம்பிக்கை வாழ்விலிருந்து விலகி, ஸ்ட்ராஸின் ‘இயேசுவின் வாழ்வு’ நூலை 1846-இல் மொழிபெயர்த்து வெளியிட்ட ஒருவர், குருமனையின் துயரை இவ்வளவு பரிவோடு எழுதினார் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

டிராலப்பின் நாவலில் வரும் திருமதி குவிவர்ஃபுல் வேறு ரகம். பதினான்கு பிள்ளைகள், ஆண்டுக்கு 400 பவுன். மில்லியோடு ஒப்பிட்டால் செல்வந்தர் என்று தோன்றும். பதினான்கால் வகுத்துப் பார்த்தால் தோன்றாது. கணவருக்குக் கிடைக்கவிருந்த முதியோர் இல்லப் பதவி சூழ்ச்சியால் கைநழுவுகிறது. அவர் மறுபேச்சின்றி விட்டுக் கொடுத்துவிட்டு வீடு வருகிறார். இவளோ பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு குடியானவரின் வண்டியில் இடம் கேட்டு ஏறி, ஆயரின் மாளிகைக்கே போய்விடுகிறாள். அங்கே உண்மையான அதிகாரம் ஆயரிடம் இல்லை, அவர் மனைவி திருமதி பிரவுடியிடம் இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. அவள் முன் அழுது வழக்காடுகிறாள். இறுதியில் பதவி குவிவர்ஃபுல் குடும்பத்துக்கே வருகிறது. டிராலப் அவளைப் பரிவோடுதான் எழுதுகிறார்; ஆனாலும் நம்மைச் சிரிக்க வைக்கிறார். நிறைந்த அம்பறாத்தூணி என்று பொருள்படும் அந்தப் பெயரே ஒரு கேலி.

ஆக, ஒரே ஆண்டில் இரண்டு பெண்கள். வாய்மூடி மாண்டவள் புனிதை. வாய்திறந்து பிள்ளைகளுக்குச் சோறு தேடியவள் நகைப்புக்குரியவள். எலியட், டிராலப்பைக் காட்டிலும் ஆழமான கலைஞர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துன்பத்தில் இருக்கும் ஒரு போதகரின் மனைவிக்கு இவ்விரு நூல்களில் ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால், நான் டிராலப்பைத்தான் கொடுப்பேன்.

நாவலாசிரியர்கள் கற்பனையில் பிரித்துவைத்த பக்தியையும் பேச்சையும் ஒருங்கே கொண்டிருந்த பெண் ஒருவர், அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே உண்மையில் வாழ்ந்திருக்கிறார். லிங்கன்ஷயரில் எப்வொர்த் பங்குக் குரு சாமுவேல் வெஸ்லியின் மனைவி சுசன்னா (1669–1742). ஜான், சார்ல்ஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய். பத்தொன்பது பிள்ளைகள் பெற்றார். ஒன்பது பேர் சிறுவயதிலேயே இறந்தனர். 1705-இல் கணவர் கடனுக்காக லிங்கன் கோட்டையில் சிறையிருந்தார். அப்போது யார்க் பேராயர், உண்மையில் உணவுக்கு இல்லாமல் இருந்ததுண்டா என்று சுசன்னாவிடம் கேட்டார். இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மில்லி அப்படித்தான் சொல்லியிருப்பாள். சுசன்னா உள்ளதைச் சொன்னார்: அப்பம் இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் உண்ணும் முன் அதைத் தேடுவதற்கும், உண்ட பின் அதற்குப் பணம் கொடுப்பதற்கும் பட்ட கவலை அந்த அப்பத்தையே கசப்பாக்கிவிட்டது. பேராயர் புரிந்துகொண்டு பொருளுதவி செய்தார். கணவரைப் பழித்து ஒரு சொல் அதில் இல்லை. உண்மையை மறைத்தும் ஒரு சொல் இல்லை. கேட்டவர் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், உதவக்கூடிய இடத்தில் இருந்தவர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1711-12 குளிர்காலத்தில் கணவர் குருக்கள் பேரவைக்காக இலண்டன் சென்றிருந்தார். சுசன்னா ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் மறையுரை வாசித்தார். அண்டை வீட்டார் வந்தனர். கூட்டம் இருநூறு பேர் வரை பெருகியது. துணைக் குரு முறையிட, கணவர் நிறுத்தச் சொல்லி எழுதினார். சுசன்னாவின் பதிலில் பணிவு உண்டு, வளைவு இல்லை: நிறுத்த விரும்பினால், விருப்பம் தெரிவித்தால் போதாது, தெளிவாய்க் கட்டளையிட வேண்டும், இறைவன் முன் அதற்கான பொறுப்பையும் அவரே ஏற்க வேண்டும். கூட்டங்கள் தொடர்ந்தன. நானியின் நேர்மையும் மில்லியின் மென்மையும் ஒரே கடிதத்தில்.

மில்லியின் கதை முடியவில்லை. அவள் இறந்தபின் ஆமோஸ் ஷெப்பர்டனிலும் நிலைக்கவில்லை. உரிமைக் குரு தம் உறவினருக்கு இடம் தேட, இவர் தொலைவிலுள்ள தொழில் நகரொன்றுக்குப் போகிறார். பல ஆண்டுகள் கழித்து, நரைத்த தந்தை மனைவியின் கல்லறையைக் காண வருகிறார். அவர் கையைத் தாங்கி வருபவள் மூத்த மகள். தாயின் வார்த்தையை அவள் காப்பாற்றியிருக்கிறாள். தந்தையின் மாலைக்காலத்துக்கு ஒளியாய் இருக்கிறாள் என்று கதை நிறைவோடு முடிகிறது. அவளுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். முகத்தில் கோடுகள் விழத் தொடங்கியிருக்கின்றன. ஒன்பது வயதில் கொடுத்த வாக்குக்கும் இந்தக் கோடுகளுக்கும் இடையே அவள் என்ன விரும்பினாள் என்பதற்கு எலியட் ஒரு வரியும் ஒதுக்கவில்லை.